ஒரு பலகையில் நம் ரயில் பாதை

நவராத்திரி நாட்களில் கொலு வைக்கும் வீடுகளுக்குப் போயிருப்பீர்கள். படிகளில் பொம்மைகள் வரிசையாக வீற்றிருக்கும். பெரியவர்கள் அங்கே கைகூப்பி நிற்பார்கள். பிள்ளைகளோ கீழே தரையில் போட்டிருக்கும் 'பார்க்'கைச் சுற்றிக் குந்தியிருப்பார்கள். மண்ணைப் பரப்பி, கேழ்வரகும் கடுகும் தூவி முளைக்கவிட்டு வயலாக்கி, முகம் பார்க்கும் கண்ணாடியைக் குளமாக்கி, அதன் கரையில் ஒரு கோயிலும் கடைத்தெருவும் மலையும் வைத்திருப்பார்கள். கொஞ்சம் வசதியுள்ள வீடாக இருந்தால் அந்த மலையைச் சுற்றி ஒரு பொம்மை ரயிலும் ஓடும்.

விழா முடிந்ததும் எல்லாவற்றையும் கலைத்துப் பெட்டியில் போட்டுவிடுகிறோம். அப்படிக் கலைக்காமல் வைத்திருந்து, ஆண்டுக்கு ஒரு தெரு, ஓர் ஆலை, ஒரு பாலம் என்று கூட்டிக்கொண்டே போனால்? வண்டியைச் சும்மா சுற்றவிடாமல், சரக்கு ஏற்றி இறக்கி, நேரம் பார்த்து ஓட்டினால்? உலகெங்கும் பலர் வீட்டில் வைத்துக்கொண்டாடும் மாதிரி ரயில் பாதை என்பது இதுதான். அதை நம் சிங்கப்பூர் வீடுகளுக்குக் கொண்டுவந்து, நம் பழைய ரயில் பாதையையே அதில் விரித்துச் சுற்றிப் பார்ப்போம். வாருங்கள்.

பொம்மைக் கடையில் தொடங்கியது

ஜெர்மனியில் மார்க்லின் என்றொரு நிறுவனம். 1859-இல் பிள்ளைகள் விளையாடும் சொப்புச் சாமான் செய்யத் தொடங்கியது. 1891-இல் லைப்சிக் நகரத்துச் சந்தையில் அது ஒரு பொம்மை ரயிலை வைத்தது. தண்டவாளத்தின் அகலத்தை இன்னின்ன அளவு என்று நிலையாக வைத்து, முதலில் ஒரு வட்டம் வாங்கினால் பிறகு நேர்ப்பாதை, கிளைப்பாதை என்று சேர்த்துக்கொண்டே போகலாம் என்று வழி காட்டியது. அந்த நாளிலிருந்து பொம்மை ரயில் வளரத் தொடங்கியது. அப்பா தொடங்கியதை மகன் நீட்டினான்.

அதே ஜெர்மனியின் ஹம்பர்க் நகரத்தில் இரட்டைச் சகோதரர்கள் இருவர் 2001-இல் திறந்த 'மினியேச்சர் வொண்டர்லாண்ட்' என்னும் காட்சிக்கூடத்தில் மலைகளும் துறைமுகங்களும் நகரங்களும் இருக்கின்றன. அதில் நிற்கும் சின்னஞ்சிறு மனித உருவங்கள் மட்டும் இரண்டு லட்சத்துக்கு மேல்!

இந்தியாவிலும் இதற்கு ஓர் இடம் உண்டு. புனே நகரத்தில், கோத்ரூட் பகுதியில், பாவ்சாகேப் ஜோஷி என்பவர் தம் சிறு வயது ஆசையை விடாமல் வளர்த்து உருவாக்கிய சிற்றுருவ ரயில் அருங்காட்சியகம் 1998 ஏப்ரல் 1-ஆம் தேதி திறக்கப்பட்டது. ரயில் மட்டுமன்றி, மேம்பாலம், சர்க்கஸ் கூடாரம், நீச்சல் குளம் எல்லாம் கொண்ட ஒரு முழு நகரம் அங்கே இருக்கிறது. ஒரு தனி மனிதரின் பொழுதுபோக்கு ஓர் ஊருக்கே காட்சியானது.

"அவர்களுக்கு இடம் இருந்தது. எங்கள் மூவறை வீட்டில் கட்டில் போடவே இடமில்லையே!" என்று நீங்கள் சொல்வது காதில் விழுகிறது. கதவளவு பலகை ஒன்றுக்கு இடம் உண்டா? அது போதும்.

பள்ளிக்கூடக் கணக்கு

1960-களில் பரவத் தொடங்கிய ஓர் அளவுக்கு 'என்' என்று பெயர். தண்டவாளத்தின் அகலம் 9 மில்லிமீட்டர். ஜெர்மானிய மொழியில் ஒன்பது என்ற சொல்லின் முதல் எழுத்தே அந்தப் பெயர். உண்மையான பொருளை 160-ஆல் வகுத்தால் மாதிரியின் அளவு வரும். பிள்ளையிடம் பென்சிலைக் கொடுத்து வகுக்கச் சொல்லுங்கள்.

160 சென்டிமீட்டர் உயரமுள்ள ஆள் 1 சென்டிமீட்டர் ஆகிறார். 20 மீட்டர் ரயில் பெட்டி 12 1/2 சென்டிமீட்டர். சிராங்கூன் சாலையில் இருக்கும் ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலின் 20 மீட்டர் ராஜகோபுரமும் அதே 12 1/2 சென்டிமீட்டர்தான். பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஓர் அடிக்கோல் உயரம்கூட வராது. 21 சென்டிமீட்டரில் நின்றுவிடும். இவையெல்லாம் பலகையில் அடங்கும்.

இப்போது இன்னொரு கணக்கு. உட்லண்ட்ஸ் தொடங்கி தஞ்சோங் பகார் வரை பழைய ரயில் பாதை ஏறத்தாழ 24 கிலோமீட்டர். அதை 160-ஆல் வகுத்தால் 150 மீட்டர். ஜோகூர் பாலம் மட்டுமே 1,056 மீட்டர். வகுத்தால் 6 மீட்டர் 60 சென்டிமீட்டர். எந்த வீட்டுக் கூடத்தில் இது அடங்கும்?

ஆகவே மாதிரி செய்பவர் எல்லாவற்றையும் செய்ய முடியாது. சிலவற்றை வைக்க வேண்டும். பலவற்றை விட வேண்டும். தண்டவாளம் பதிப்பதும் வர்ணம் பூசுவதும் கைப்பழக்கத்தில் வந்துவிடும். எதை வைப்பது, எதை விடுவது என்பதில்தான் செய்பவரின் மனம் தெரியும். சுற்றிப் பார்க்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நிறுத்தம்: ஜோகூர் பாலம்

2 மீட்டர் நீளம், 80 சென்டிமீட்டர் அகலமுள்ள பலகை. அதன் இடது ஓரத்தில் நீல வர்ணம் பூசிய கடல். அதன் குறுக்கே பாலம். 6 மீட்டர் பாலத்தை 30 சென்டிமீட்டராகச் சுருக்கிவிட்டோம். பாலத்தின் ஓரமாகப் பானம் உறிஞ்சும் குழல்களை நீளமாக ஒட்டுங்கள். ஜோகூரிலிருந்து தண்ணீர் வரும் குழாய்கள் அவை. அவற்றைப் பார்த்ததும் இது எந்தப் பாலம் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

இந்தப் பாலம் வருவதற்கு முன்பே சிங்கப்பூரில் ரயில் ஓடியது. 1903 ஜனவரி 1-இல் டாங்க் ரோட்டிலிருந்து புக்கிட் தீமா வரை பாதை திறந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் உட்லண்ட்ஸ் வரை நீண்டது. அங்கே இறங்கிப் படகேறித்தான் ஜோகூர் பாருவுக்குப் போனார்கள். 1923-இல் பாலத்தின் மேல் முதலில் சரக்கு வண்டியும் பிறகு பயணிகள் வண்டியும் ஓடின. பாலத்தின் அதிகாரப்பூர்வத் திறப்பு விழா 1924 ஜூன் 28-இல் நடந்தது.

இரண்டாம் நிறுத்தம்: புக்கிட் தீமா

பலகையின் நடுவில் ஒரு மேடு. பழைய செய்தித்தாளைப் பசையில் நனைத்துக் கம்பி வலைமேல் ஒட்டினால் குன்று கிடைத்துவிடும். சாலைக்கு மேலே கறுப்பு இரும்புப் பாலம். இந்த இரும்புப் பாலங்களை இன்றும் நீங்கள் நேரில் பார்க்கலாம். ரயில் நின்ற பிறகும் அவற்றை எடுத்துவிடாமல் வைத்திருக்கிறார்கள்.

குன்றின் பக்கத்தில் இரண்டு தொழிற்சாலைகள். ஒன்று 1941-இல் திறந்த ஃபோர்டு மோட்டார் தொழிற்சாலை. 1942 பிப்ரவரி 15-இல் பிரிட்டிஷார் ஜப்பானியரிடம் சரணடைந்து கையெழுத்திட்டது இங்கேதான். மற்றொன்று சிமெண்டுக் குழாய்கள் வார்த்த ஹியூம் தொழிற்சாலை. அதன் பெயரில் இப்போது ஓர் எம்.ஆர்.டி. நிலையமே இருக்கிறது.

இங்கே புக்கிட் தீமா ஸ்டேஷனில் கொஞ்சம் நிற்போம். ஒற்றைத் தண்டவாளத்தில் இரண்டு வண்டிகள் எதிரெதிரே வந்தால் என்ன ஆகும்? அதற்காகவே ஸ்டேஷனில் பாதை இரண்டாகப் பிரிந்து மறுபடியும் சேரும். ஒரு வண்டி ஒதுங்கி நிற்க, மற்றது கடந்து போகும். அது மட்டும் போதாது. 'டோக்கன்' என்று ஒரு பொருள் உண்டு. ஒரு பகுதிக்கு ஒரு நேரத்தில் ஒரு டோக்கன்தான் வெளியே இருக்கலாம். டோக்கன் கையில் இருக்கும் ஓட்டுநர்தான் அந்தப் பகுதிக்குள் வண்டியை ஓட்டலாம். ஓடும் வண்டியிலிருந்து ஓட்டுநர் ஒரு வளையத்தை நீட்ட, பிளாட்பாரத்தில் நிற்பவர் அதை வாங்கிக்கொண்டு மற்றொன்றைக் கொடுப்பார். 2011 வரை இந்த ஸ்டேஷனில் அப்படியே நடந்தது.

இதை வீட்டிலும் செய்யுங்கள். திரைச்சீலை வளையம் ஒன்று போதும். வளையம் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் வண்டியை ஓட்டலாம். அண்ணன் தம்பிச் சண்டைக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது!

மூன்றாம் நிறுத்தம்: ஜூரோங் கிளைப்பாதை

புக்கிட் தீமா ஸ்டேஷனிலிருந்து ஒரு கிளை மேற்கே பிரிகிறது. 1961-இல் ஜூரோங் தொழிற்பேட்டை எழத் தொடங்கியது. சதுப்பு நிலத்தைத் தூர்த்து ஆலைகள் வந்தன. அவற்றுக்குச் சரக்கு கொண்டுபோக 1960-களின் நடுவில் இந்தக் கிளைப்பாதையைப் போட்டார்கள். ஆனால் லாரிகள் பெருகின; சாலை வென்றது. பாதை பயனற்றுப் போய், பின்னாளில் பெரும்பகுதி எடுக்கப்பட்டுவிட்டது. சன்செட் வே பக்கம் ஒரு பழைய பாலம் அதன் நினைவாக நிற்கிறது.

மாதிரிப் பலகையில் இந்தப் பகுதிதான் சுவையானது. அனுபவமுள்ளவர்கள் ஒவ்வொரு சரக்குப் பெட்டிக்கும் ஓர் அட்டை எழுதி வைப்பார்கள். "இந்தப் பெட்டி இன்ன ஆலைக்குப் போக வேண்டும், அங்கே சரக்கை இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்ப வேண்டும்" என்று அதில் இருக்கும். அட்டையைப் பார்த்துப் பார்த்து எஞ்சின் முன்னும் பின்னும் போய்ப் பெட்டிகளைப் பிரித்துச் சேர்க்கும். வட்டமாகச் சுற்றும் ரயிலைப் பிள்ளை பத்து நிமிடத்தில் மறந்துவிடும். வேலை செய்யும் ரயிலை விட்டு எழுந்திருக்காது. ஜோகூர்த் தோட்டத்து ரப்பர் ஷீட் துறைமுகத்துக்கு எப்படிப் போயிற்று என்பதும் அந்த விளையாட்டிலேயே புரிந்துவிடும்.

நான்காம் நிறுத்தம்: தஞ்சோங் பகார்

வலது ஓரத்தில் பாதை முடிகிறது. 1932 மே மாதம் திறந்த பெரிய ஸ்டேஷன். முகப்பில் வேளாண்மை, வாணிகம், போக்குவரத்து, தொழில் ஆகியவற்றைக் குறிக்கும் நான்கு வெள்ளைச் சிலைகள். உள்ளே உயர்ந்த மண்டபம். அதன் சுவர்களில் பெரிய ஓவியங்கள்: நெல் நடவு, ஈயச் சுரங்கம், கொப்பரை, கப்பல், மாட்டு வண்டி, அவற்றோடு ரப்பர் மரம் சீவும் காட்சியும். தோட்டத்திலிருந்து ரயிலேறிச் சிங்கப்பூர் வந்து இறங்கியவருக்குத் தம் அன்றாட வேலையே சுவரில் சித்திரமாக நின்றது.

2011 ஜூன் 30 இரவு இங்கிருந்து கடைசி வண்டி புறப்பட்டது. ஜோகூர் சுல்தானே அதை ஓட்டிச் சென்றார். மறுநாளிலிருந்து வண்டிகள் உட்லண்ட்ஸோடு நின்றன. ஸ்டேஷன் கட்டடம் தேசிய நினைவுச் சின்னமாகக் காக்கப்படுகிறது. பாதை இருந்த இடம் மக்கள் நடந்து செல்லும் பசுமை வழியாகிவிட்டது.

ஐந்தாம் நிறுத்தம்: தேக்காவும் டாங்க் ரோடும்

ரயில் பாதை இருந்தால் ஊர் வேண்டாமா? நம் பலகையின் முன்பக்கத்தில் தேக்காவை வைப்போம். 6 சென்டிமீட்டர் உயரத்தில் வரிசையாக இரண்டு மாடிக் கடைவீடுகள். கீழே ஐந்தடி நடைபாதை. ஒரு பூக்கடை, ஒரு மளிகைக் கடை, ஒரு சாப்பாட்டுக் கடை. பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு என்ற பெயர்களே இங்கே ஒரு காலத்தில் மாடு கட்டி வாணிகம் நடந்ததைச் சொல்கின்றன. ஆகவே சில மாடுகளும் வேண்டும்.

தேக்காவுக்கும் ரயிலுக்கும் என்ன தொடர்பு என்கிறீர்களா? தைப்பூசத்தன்று பெருமாள் கோயிலில் காவடி எடுத்து 3 கிலோமீட்டருக்கும் மேல் நடந்து டாங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலுக்குப் போகிறோமே, அந்த டாங்க் ரோட்டில்தான் 1903 முதல் 1932 வரை சிங்கப்பூரின் தலைமை ரயில் நிலையம் இருந்தது. நகரத்தார் எழுப்பிய அந்தக் கோயில் 1859-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ரயில் வருவதற்கு முன்பும் அது இருந்தது; ரயில் போன பின்பும் இருக்கிறது.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். மாதிரி செய்பவர்கள் முதலில் ஓர் ஆண்டைத் தீர்மானித்துக்கொள்வார்கள். டாங்க் ரோடு ஸ்டேஷனை வைத்தால் அடுக்குமாடி வீடுகளை வைக்கக்கூடாது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் பிறந்ததே 1960-இல்தான். ஜூரோங் கிளைப்பாதையை வைத்தால் டாங்க் ரோடு ஸ்டேஷன் போய்விட வேண்டும். இரண்டும் வேண்டுமென்றால் பலகையின் இரு பக்கத்தையும் இரு காலமாகப் பிரித்து, நடுவில் ஒரு குன்றை நிறுத்திவிடுங்கள்.

பலகையில் யாரைக் காணோம்?

சுற்றிப் பார்த்துவிட்டோம். பாலம் இருக்கிறது, ஆலை இருக்கிறது, சிலை இருக்கிறது. எஞ்சின் ஓடுகிறது. இப்போது சொல்லுங்கள், இந்தப் பாதையைப் போட்டவர்கள் எங்கே?

கடையில் விற்கும் மாதிரி உருவங்களில் தொப்பி வைத்த வெள்ளைக்கார கார்டு கிடைப்பார்; குடை பிடித்த சீமாட்டி கிடைப்பாள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கடப்பாரையால் சிலிப்பர் கட்டையை நெம்பும் தமிழர் கிடைக்கமாட்டார். கடையில் கிடைக்காததால் அவர் பலகையிலும் இல்லாமல் போகிறார். தோட்டத்துப் பெரியவர்கள் ரயில் பாதையைக் கம்பிச் சடக்கு என்பார்கள். அந்தக் கம்பிச் சடக்கைப் போட்டதிலும் வெயிலிலும் மழையிலும் பழுது பார்த்ததிலும் தென்னாட்டிலிருந்து வந்த நம் மக்களுக்குப் பெரும் பங்கு உண்டு. யாழ்ப்பாணத் தமிழர்கள் பலர் ஸ்டேஷன் மாஸ்டர்களாகவும் கிளார்க்குகளாகவும் இருந்தார்கள்.

அவர்கள் விட்டுச்சென்ற அடையாளம் இன்றும் இருக்கிறது. குவீன்ஸ்டவுனில் காமன்வெல்த் டிரைவில் இருக்கும் ஸ்ரீ முனீஸ்வரன் கோயிலை அறிவீர்கள். 1930-களில் ரயில்வே தொழிலாளர்கள் பாதையோரம் ஒரு சிறு குடிசையில் வைத்துக் கும்பிட்ட முனியாண்டிதான் இன்று அங்கே பெரிய கோயிலில் வீற்றிருக்கிறார். டிப்போ ரோட்டில் உள்ள ஸ்ரீ ருத்ர காளியம்மன் கோயிலின் தொடக்கமும் இப்படித்தான். 1913-இல் அலெக்சாண்டிரா செங்கல் சூளையின் வளாகத்துக்குள்ளே அது தோன்றியது. நம் மாதிரியில் ஒரு சூளை வைத்தால், அதன் பக்கத்தில் ஒரு சின்னக் கோயில் இல்லாவிட்டால் அது பாதிச் சூளைதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பலகையில் நிற்கும் மூடிய சரக்குப் பெட்டியைப் பாருங்கள். 1942, 1943-ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டார்கள். சிங்கப்பூரில் சிறைப்பட்டிருந்த போர்க் கைதிகளை இப்படிப்பட்ட பெட்டிகளில் அடைத்து இங்கிருந்துதான் வடக்கே அனுப்பினார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களும் பல்லாயிரக் கணக்கில் கொண்டுபோகப்பட்டார்கள். மிகப் பலர் திரும்பவில்லை. சிறு பிள்ளைக்கு இதை எந்த வயதில் சொல்வது என்பது உங்கள் முடிவு. ஆனால் சொல்வதற்கு ஒரு பெட்டி அங்கே நிற்கட்டும்.

என்னென்ன வேண்டும்?

விலை கொடுத்து வாங்க வேண்டியவை எஞ்சின், பெட்டிகள், தண்டவாளம், மின்சாரத்தைக் குறைத்துக் கொடுக்கும் கருவி ஆகியவை மட்டுமே. வீட்டு மின்சாரத்தை அந்தக் கருவி 12 வோல்ட்டாகக் குறைத்துத் தண்டவாளத்துக்கு அனுப்பும். கருவியைக் கடையில் வாங்குங்கள். வீட்டில் நாமே செய்ய முயல வேண்டாம். தொடக்கத்துக்கு ஒரு வட்டமும் ஒரு 'பாயிண்ட்'டும் போதும். நம் பழைய பாதை ஒரு மீட்டர் அகலம். கணக்குப்படி தண்டவாளம் 6 1/4 மில்லிமீட்டர்தான் வர வேண்டும். 9 மில்லிமீட்டர் சற்று அகலம். பலர் அதைப் பொருட்படுத்துவதில்லை, நாமும் விட்டுவிடலாம்.

மற்றவை வீட்டிலேயே இருக்கின்றன. காய்ச்சி வடிகட்டிய தேயிலையை உலர்த்தினால் அருமையான செம்மண் தரை. தேங்காய் நாரை நறுக்கினால் லாலான் புல். ஐஸ்கிரீம் குச்சி பிளாட்பாரமாகும். பிஸ்கட் பெட்டி அட்டை கடைவீடாகும். ஒரு சென்டிமீட்டர் மனிதரைக் கம்பியும் களிமண்ணும் கொண்டு செய்யலாம். வேட்டிக்கு ஒரு துளி வெள்ளை வர்ணம்.

நம் ஊர் ஈரக்காற்றில் பலகை உப்பிக்கொள்ளும். இரு பக்கமும் வர்ணம் பூசிய பிறகே தண்டவாளம் பதியுங்கள். தண்டவாளத்தில் அழுக்குப் படிந்தால் மின்சாரம் பாயாது. வண்டி விக்கி விக்கி நிற்கும். அவ்வப்போது துணியால் துடையுங்கள்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை

பலகை வாங்குவதற்கு முன் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். பிள்ளையை ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய புக்கிட் தீமா ஸ்டேஷனுக்கு அழைத்துப் போங்கள். பழுது பார்த்து 2022-இல் மறுபடியும் மக்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறார்கள். அங்கிருந்து இரும்புப் பாலம் வரை நடந்து காட்டுங்கள்.

பிறகு வீட்டில் இருக்கும் தாத்தா பாட்டியிடம் பிள்ளையை உட்கார வையுங்கள். கேட்க வேண்டியவை நிறைய. ரயில்வே குவாட்டர்ஸில் யார் யார் குடியிருந்தார்கள்? தண்ணீர்க் குழாய் எந்தப் பக்கம் இருந்தது? கேட்டைச் சாத்துபவர் பெயர் என்ன? முனியாண்டிக்கு எந்த மாதத்தில் பூசை போட்டார்கள்? ஊரிலிருந்து கடிதம் வந்தால் யார் படித்துக் காட்டினார்கள்? இவற்றுக்குப் பதில் எந்தப் புத்தகத்திலும் முழுமையாகக் கிடைக்காது. சொல்லத் தெரிந்தவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டு வருகிறார்கள்.

அவர்கள் சொல்வதைப் பிள்ளை எழுதட்டும். எழுதியதிலிருந்து ஒரே ஒரு மனிதரைத் தேர்ந்தெடுத்துப் பலகையில் நிறுத்தட்டும். கையில் விளக்கோடு கேட்டருகே நிற்கும் பெரியப்பாவாக இருக்கலாம். குவாட்டர்ஸ் வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருக்கும் பாட்டியாக இருக்கலாம். வீட்டுக்கு வரும் விருந்தினர் எஞ்சினைப் பார்த்துவிட்டு, "இது யார்?" என்று அந்த உருவத்தைக் காட்டிக் கேட்பார். பதில் சொல்லப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கும்.